1022இல் நின்றுபோன வாளி

புருசெத், ஒஸ்லோ
26.11.2006

அன்புள்ள அபிசனுக்கு,

நாங்கள் இருவரும் உடலால் சுகம். துரொம்சோவில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஆறு கிழமையாகத் தொலைபேசி எடுக்காத பிள்ளையைப்பற்றி வேறெதை நினைப்பது. இனித் தை மாதம்வரை அங்கே சூரியன் எழும்பாது, மீனெண்ணெய் குடி.

விடுமுறைக்கு வந்து நீ தொடங்கிவைத்த பியர் வாளியைப்பற்றித்தான் எழுதுகிறேன். வீட்டுக்குள்ள சாராயம் காய்ச்சிறியோ என்று அப்பா அதைத் தூக்கிப் பல்கனிக் குளிரில் வைத்தார், நீ அன்றே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் காலையில் அவரே அதை உள்ளே கொண்டுவந்தார். மூடிக் குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. குளியலறைத் தரைச் சூட்டில் வைத்தோம், இருபது பாகை வந்ததும் மெல்ல ஆட்டிவிட்டோம், இரண்டு நாள் பார்த்துவிட்டுப் புதிய ஈஸ்டை ஒரு கிளாசில் நுரைக்கவைத்து ஊற்றினோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அடர்த்தி 1012க்கு இறங்கவேண்டும் என்று உன் செய்முறைத் தாளில் இருக்கிறது, நீ விட்டுப்போன கண்ணாடி மிதவையோ 1022ஐ விட்டு அசையவில்லை. ஒருநாள் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளிக்கு முன்னால் நின்றார். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், கை படாமல் தோசை மா புளிக்குமோ என்கிறார். பிடித்து நிறுத்தினேன். கீழ்வீட்டுச் சின்னராசா அண்ணை மணந்து பார்த்துவிட்டு, உந்தப் பியரை வெளியில ஊத்திப்போட்டு வாளியையாவது காப்பாத்தும் ஐசே என்றார், அப்பா அவருடன் இரண்டு நாள் கதைக்கவில்லை. வாழ்நாளில் பியர் தொடாத உன் அப்பா, வேலைக்கு வெளிக்கிட முன்னர் குனிந்து எண் பார்க்கிறார். நான்தான் பழுதாக்கிப்போட்டன் என்கிறார்.

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. படித்த இரசாயனம் இதற்காவது உதவட்டும் என்று உன் தாளை மறுபடி பார்த்தேன். முளைத்தானியம் ஊறிய வெப்பம் என்ற இடத்தில் உன் கையெழுத்தில் 74 என்றிருக்கிறது. அறுபத்தாறு, அறுபத்தேழில் ஊறவேண்டியது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் தின்னமுடியாத சர்க்கரைதான் அதிகம் வரும், பிறகு எத்தனை ஈஸ்ட் போட்டாலும் எண் இறங்காது. பல்கனிக்குப் போகமுன்னரே முடிந்துபோன காரியம். அப்பாவிடம் தாளை நீட்டினேன், பிள்ளையில பழி போடாதையும் என்றார், வாங்கியும் பார்க்கவில்லை.

நான் சொல்லி எடுபடாது. எழுபத்து நாலில் ஊறவைத்தது நான்தான், குளிரால் வந்ததில்லை என்று நீ ஒரு நிமிடம் தொலைபேசி எடுத்து அப்பாவிடம் சொன்னால் போதும். வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை, மன்னிப்பும் வேண்டாம். எடுப்பாய் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை; முன்னைய இரண்டு கடிதங்களுக்கும் பதிலில்லை.

எங்கிருந்தாலும் நோய்நொடியின்றி இரு, கடவுள் துணை. தடித்த காலுறை போடு. அப்பா ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பார். இன்று காலையும் 1022தான். வெளியில் ஊற்ற விடமாட்டேன் என்கிறார்.

உன் அம்மா
உதயகுமாரி