கத்திப் படித்த வார்த்தைகள்

“ஓட்டோரைனோலாரிங்காலஜி! எங்க, மூச்சு விடாம சொல்லு!”
“முதல்ல நீ அதுக்கு அர்த்தம் சொல்லு!”
“எனக்கெதுக்கு அர்த்தம்? நான் டைப் அடிக்கறவன்!”
“காது, மூக்கு, தொண்டை வைத்தியம்டா, மண்டு!”

என்னங்க, மாடிவீட்டு நர்ஸும் எதிர் பால்கனிக்காரனும் இப்படிக் கத்தியபோதுதானே, “அதுங்க வெட்டிக்கிட்டுச் சாகட்டும், நீ ஜன்னலை மூடு” என்று என்மேல் எரிந்து விழுந்தீர்கள்? அது சண்டையே இல்லை, பாடம். டாக்டர்கள் பேசிய பதிவைக் கேட்டு டைப் அடிப்பவன் அவன்; உச்சரிப்பு அத்துப்படி, அர்த்தம் பூஜ்யம். இவளுக்கு அர்த்தம் தெரியும், நாக்குத்தான் புரளாது. அதனாலேயே பெரிய ஆஸ்பத்திரி வேலையை ஒருமுறை கோட்டைவிட்டவள். இம்முறையும் போனால் அடுத்த வாய்ப்பு கிடையாது.

கத்தியே படித்ததால், ஆஸ்பத்திரி நேர்முகத் தேர்விலும் அதே தொண்டையில் கத்தியிருக்கிறாள்! பெரிய டாக்டர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டாராம். அர்த்தம் கேட்டதற்கும் அதே சத்தம்தானாம். “இந்தக் குரல் நம்ம எமர்ஜென்சிக்கு வேணும்” என்று வேலை கொடுத்துவிட்டார்.

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை; அதனால்தான் இந்தச் சீட்டு. சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். அவள் கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போகிறேன். ஜன்னலை மூடச் சொன்ன அன்றைய கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடடா, மாப்பிள்ளையைச் சொல்லவில்லையே: எதிர் பால்கனிக்காரன்தான்!

இன்னொன்று: நாளையே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பக்கம் குடிபோகிறார்கள். சாயங்காலங்களில் அவர்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்; இனி எனக்கு நீங்கள்தான். பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.