பேச்சுத் தேர்வுக்கு முன்னும் பின்னும்

திண்டுக்கல்,
அக்டோபர் 23, வியாழன்.

அன்புள்ள வினோலியாவுக்கு,

கடவுள் துணையால் நானும் பாப்பாவும் என் அக்காவும் சுகம். இந்த முறை இந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கீழே வரும். கோபம் வந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சாப்டீங்களா" என்கிறாய், நான் "சாப்டேன்" என்கிறேன். அதற்கு மேல் இரண்டு வாரமாக ஒன்றும் நகரவில்லை. அமெரிக்காவில் உங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சின்னாளப்பட்டி மோகன்குமார், தன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர், நாளைக்குத் திரும்புகிறார். உனக்காக இரண்டு கிலோ சாமான் எடுத்துப்போகிறேன் என்றார். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, ஒரு சுங்குடிச் சேலை, இந்தக் கடிதம். அக்கா நெத்திலிக் கருவாடும் கட்டி வைத்திருந்தாள். அந்தத் தம்பி சுத்த சைவம், "அக்கா, ஏர்போர்ட்ல என்னையவே பிடிச்சு வச்சுக்கிருவாங்க" என்று கும்பிட்டுவிட்டார். அக்காவுக்கு இன்னும் வருத்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலீஷில் பாடம் நடத்திக் காட்டித் தேறினால்தான் அங்கே வேலையும் படிப்பும் நிலைக்கும் என்ற அந்தப் பேச்சுத் தேர்வு, இரண்டாம் தடவையும் போய்விட்டது என்று நீ கூப்பிட்ட அந்தச் சனிக்கிழமை, "வீடியோ வரல, சிக்னல் இல்ல" என்று சொன்னேனே, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் நின்றது ஆஸ்பத்திரி வராந்தாவில். பாப்பாவுக்கு டெங்கு. செவ்வாய்க்கிழமை சேர்த்து, நாலு நாள் டிரிப்ஸ் ஏறியது. ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. உனக்கு வெள்ளிக்கிழமை தேர்வு. சொன்னால் நீ எப்படிப் போய் அந்த அறையில் நிற்பாய்? "முடியட்டும், சொல்லிக்கலாம்" என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன். தேர்வு வாரத்தில் எங்களுக்கு ஏழு மணி வகுப்பு வேண்டாம் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை ஏறிவிட்டது, திங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ரசஞ்சோறு வேண்டாம் என்று சண்டை போடுகிறாள். அதனால் தைரியமாக எழுதுகிறேன். மறைத்தது தப்புத்தான். நீ என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அன்றைக்கு நீ, "தோத்துட்டேங்க. வந்துரவா?" என்று கேட்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், "வந்துரு" என்றேன். நீ உடனே போனை வைத்துவிட்டாய். திங்கட்கிழமையே டிசம்பர் பதினெட்டுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

வினோ, உன்னால் முடியாது என்று நினைத்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை "அம்மா அம்மா" என்று முனகிக்கொண்டு கிடந்தது. எனக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீ உன் படிப்பைப் பற்றிக் கேட்டாய், நான் என் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டேன். அதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்பது, தேர்வு முடிந்தும் நீ ஏழு மணி வகுப்பை மறுபடி தொடங்காதபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வகுப்பு இல்லாமல் எனக்கும் பாப்பாவுக்கும் சாயங்காலம் ஓட மாட்டேன் என்கிறது. இங்கே ஏழு, உனக்கு விடிந்து கொஞ்ச நேரம். தேர்வுக்குப் பழகவென்று நீ வீடியோவில், சுவரில் ஒட்டிய தாளில் படம் போட்டு இங்கிலீஷில் பாடம் சொல்வாய். பாப்பா முன் வரிசை மாணவி, நான் பின் வரிசை. அவள் கை தூக்கி, "மிஸ், கரண்ட்டு ஏன் கண்ணுக்குத் தெரியல?" என்பாள். ஐ.டி.ஐ. படித்து மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு உன் பாடத்தில் பாதி புரியாது. ஆனாலும் அன்றைக்குக் காந்தமும் கம்பிச்சுருளும் பற்றி நீ சொன்னாயே, இருபது வருடமாக என் கை செய்துகொண்டிருப்பதற்கு அன்றுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

டிக்கெட் போட்ட மறுநாள் உன் பழைய கல்லூரிக்குப் போனேன். நீ வந்தால் உன் இடம் கிடைக்குமா என்று கேட்கத்தான். துறைத் தலைவர் ராமுத்தாய் மேடம் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "இடம் இருக்கு தம்பி. மணிக்கணக்கு வேலை. மே மாசம் சம்பளம் கிடையாது. ஆறு வருசம் அவ பாத்த அதே வேலை" என்றார். அப்புறம், "மூணாவது தடவ பரீட்சை உண்டுல்ல?" என்று கேட்டார். டிசம்பர் மூன்றாம் தேதி உண்டு, நீ போகப்போவதில்லை என்கிறாய் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தோத்துட்டு வரச் சொல்லுங்க, நானே வாசல்ல வந்து கூட்டிட்டுப் போறேன். எழுதாம வந்தா என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. சொல்வது இவருக்குச் சுலபம், பிள்ளையை யார் பார்ப்பது என்று நினைத்தேன். நான் எழுந்தபோது அவரே சொன்னார். அவருக்கும் உன்னைப் போல வெளிநாட்டில் படிக்க ஓர் இடம் கிடைத்ததாம், கல்யாணமான புதிதில். பாடம் நடத்தினால் படிப்புச் செலவைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும் என்று எழுதி வந்த கடிதத்தை வீட்டில் யாருக்கும் காட்டவே இல்லையாம். "யாரும் வேணாங்கல தம்பி. நான் கேக்கவே இல்ல" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன்.

நேற்று மோகன்குமார் நம் மோட்டார் கடைக்கு வந்தபோது அந்தத் தேர்வைப் பற்றி விவரமாகக் கேட்டேன். அவரும் முதல் தடவை தோற்றவராம், அது உனக்குத் தெரியுமா? உச்சரிப்புக்கு அங்கே பெரிதாக மார்க் குறைக்க மாட்டார்களாம். "வினோ அக்கா போர்டப் பாத்துக்கிட்டே கடகடன்னு சொல்லிருவாங்கன்னு நினைக்கிறேன். ஒரு ஸ்டூடண்ட் கேள்வி கேட்டா, கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிருவாங்க. அங்கதான் மார்க் போகும். நானும் அப்படித்தான் கோட்டை விட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பயந்தால் வேகமாகப் பேசுவாய் என்பது எனக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், நீ ஒன்பது பதில் சொன்னாய். ஆனால் எனக்குப் பாடம் சொல்லும்போது நீ அப்படி ஓடவே மாட்டாய். இரண்டு வரிக்கு ஒரு தடவை நின்று, என் முகத்தைப் பார்த்து, "புரியுதா? நெசமா புரியுதா?" என்பாய். நான் தலையாட்டினால் நம்ப மாட்டாய், திருப்பிச் சொல்லச் சொல்வாய். அந்த அறையில் இருப்பவர்களும் என்னைப் போல ஒன்றும் தெரியாத ஆட்கள்தான் என்று நினைத்துக்கொள். அதிகாரிகளுக்குச் சொல்லாதே, எனக்குச் சொல்.

தேர்வுக்குப் போ. தேறினால் தேறு. இல்லையென்றால் டிக்கெட் இருக்கிறது, விமான நிலையத்தில் நானும் பாப்பாவும் நிற்போம். ஆனால் நான் அவசரத்தில் சொன்ன ஒரு வார்த்தையால் நீ திரும்பி வந்ததாக இருக்க வேண்டாம். அந்தப் பாரத்தை என்னால் சுமக்க முடியாது.

சேலையைத் தேர்வு அன்றைக்குத்தான் கட்ட வேண்டும் என்றில்லை. குளிர் அதிகமாம், ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

உன் அன்புள்ள
ஜெரோம்


திண்டுக்கல்,
டிசம்பர் 11, வியாழன்.

அன்புள்ள வினோ மிஸ்ஸுக்கு,

இனிமேல் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பாப்பாவின் உத்தரவு. இதைத் தபாலில் போடுகிறேன். போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். கைக்குக் கிடைக்கும்போது ஜனவரியில் அங்கே நீ நடத்தும் முதல் வகுப்புக்குச் சில நாள்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பொட்டலம் கிடைத்த அன்றைக்கு நீ கூப்பிட்டு அழுதாய். பிறகு டெங்குவை மறைத்ததற்கு அரை மணி நேரம் திட்டினாய். பாப்பாவைக் கூப்பிட்டு ஊசி குத்திய கையைக் காட்டச் சொல்லி, தழும்பு எங்கே எங்கே என்று தேடினாய். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு, "ம், உக்காருங்க, ஆரம்பிக்கலாம்" என்றாயே, அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

போன சனிக்கிழமை காலையில் உன் செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். தொப்பம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி, ஒச்சப்பன் என்று பெயர், எரிந்துபோன போர் மோட்டாரைக் கொண்டுவந்து முன்னால் நின்றார். நான் போட்ட சத்தத்தில் பயந்து, "ஏனுங்க, ஷாக் அடிச்சிருச்சுங்களா?" என்றார். "என் வீட்டுக்காரி பாஸாயிட்டா" என்றேன். எந்த கிளாஸ் என்று கேட்டார். வாத்தியார் ஆவதற்கு ஒரு பரீட்சை, அதில் தேறினால் பாடம் நடத்திக்கொண்டே பெரிய படிப்பும் படிக்கலாம், ஃபீஸ் கிடையாது, மாதச் சம்பளமும் உண்டு, அமெரிக்காவில் என்று விளக்கினேன். "அப்ப அந்தப் பரீட்சை போயிருந்தா எல்லாம் போயிருக்குமுங்களா?" என்று சரியாகப் பிடித்தார் மனுஷன். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு எதிர்க் கடையில் எனக்கு அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

ராமுத்தாய் மேடத்துக்குப் போன் போட்டேன். "அப்படியா" என்றார். "அந்த எடத்துக்கு வேற பிள்ளைய எடுத்துக்கிறேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் சந்தோஷப்படும் விதம் அது என்று எடுத்துக்கொண்டேன்.

டிக்கெட்டை நேற்று ரத்து செய்தேன். பணம் பாதிதான் திரும்பும் என்றார்கள், போகட்டும். நீ மே மாதம் வந்தால் போதும். விடுமுறையில் வந்து போவதற்கு விசாவில் சிக்கல் ஏதும் வருமா என்று உங்கள் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

பாப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் சொன்னேன். அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அம்மா பாஸா?" என்றாள். பாஸ் என்றேன். "அப்ப கிறிஸ்மஸுக்கு வராதா?" வராது என்றேன். ஏதாவது வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் அழவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபின், "அங்க இருக்கிற பிள்ளைகளுக்குப் புரியலைனா அம்மா திட்டுமாப்பா?" என்று கேட்டாள். திட்டாது, புரியும்வரை சொல்லிக் கொடுக்கும் என்றேன். "நல்ல பிள்ளைகளா இருந்தாச் சரி" என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான், சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். நான் உனக்கு எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் இதையும் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு நீ கலங்கினால் அடுத்த தடவை பழையபடி மறைக்கத்தான் வேண்டியிருக்கும்.

அவள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். உன் முன்னால் வந்து உட்காரப்போகிற பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது இருக்கும். வீட்டை விட்டு முதல் தடவையாக வெளியூருக்கு வந்தவர்களும் இருப்பார்கள். யாராவது ஒருத்தி கடைசி வரிசையில் ஒன்றும் புரியாமல், கேட்கவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துக்கொள். நம் பிள்ளைக்குக் கொடுக்க முடியாத நேரத்தை யாருக்கோ கொடுக்கிறாய் என்று நினைத்து மனம் நொந்துபோகாதே. அந்தக் கணக்கை நானும் அக்காவும் இங்கே நேர் செய்துவிடுவோம்.

தினமும் பாப்பா படுக்கும்முன் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, "இன்னொண்ணு போடுங்கப்பா, இது அம்மாவுக்கு" என்று நெற்றியை மறுபடி நீட்டுகிறாள். இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் தூங்குகிறாள். அந்த இரண்டாவது, பத்திரமாக உன்னிடம் வந்து சேரட்டும்.

என்றும் உன்
ஜெரோம்