சனிக்கிழமை ஓடாத மெஷின்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு, பிற்பகல் 3.10. பழுது எண்ணிக்கை: மூன்று. மூன்றும் சனிக்கிழமை.

மஸ்கெலியா, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன், அக்கா வீட்டுச் சமையலறை மூலை. எதிரே அக்காவின் கல்யாணத்துக்கு நாங்கள் சீராகக் கொடுத்த வாஷிங் மெஷின். என் சட்டையைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் எடுத்தது, சுற்றியது, பிழிந்தது, முடிந்ததும் பாட்டும் பாடியது. நேற்று விடிய ஐந்து மணிக்கு அக்கா போட்டபோது மட்டும் ‘ஈ 1’ காட்டி நின்றுவிட்டதாம். ஈ 1 என்றால் தண்ணீர் வரவில்லை. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற நோயாளி.

பிரேமினி அக்கா முன்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைதோறும் ஹட்டனில் அவளுக்கு டிப்ளோமா வகுப்பு. ஐந்து மணிக்கு உடுப்பை மெஷினில் போட்டு, காயப்போட்டுவிட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதுதான் ஏற்பாடு. கல்யாணத்தின்போது சங்கிலி வேண்டாம், மெஷின் வாங்குங்கள் என்று அவள் கேட்டதே இதற்காகத்தான். மெஷின் நின்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வெளியே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்க் கையால் துவைக்க வேண்டும். பஸ் போய்விடும். மூன்று வகுப்பு போய்விட்டது. ஐந்து வரை பொறுப்பார்களாம். ஆறாவது போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

“ஒரு நாளைக்குத் துவைக்காமப் போனா என்னா?” என்றேன்.

“நீ சொல்லுவ. இந்த வீட்டுல நான்தானே இருக்கணும்.”

ஞாயிறு துவைக்கலாமே என்று அத்தையிடம் — அக்காவின் மாமியார் அழகம்மா — கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அழுக்கு மூட்டையோடு வீடு இருந்தால் வந்து போகிற சனம் என்ன சொல்லும் என்றார். சனம் வந்து மூட்டையைத்தான் அவிழ்த்துப் பார்க்கப்போகிறது.

மெஷினுக்கான குழாய் நான் இழுத்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஊற்றுத் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து தனி அரை இஞ்சிக் குழாய், தொட்டியடியில் தனி வால்வு. தொட்டி வேலியின் சாவி அக்காவின் மாமனார் முத்துலிங்கத்திடம். பழைய கங்காணி, இப்போது தண்ணிக் கமிட்டித் தலைவர்.

“மேல வால்வு தொறந்துதான் இருக்கா மாமா?”

“தொறந்துதான் இருக்கு தம்பி. இப்பதான் பாத்துட்டு வந்தேன்.” மெஷின் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு: “குடுத்த சாமான் தாங்கல. என்னா செய்றது. குடுத்தவங்க மனசு நல்ல மனசு.”

நானே ஏறிப்போய்ப் பார்த்திருப்பேன். ஆனால் பார்த்தேன் என்று அவர் சொன்ன பிறகு நான் போய்ப் பார்ப்பது அவரைப் பொய்யன் என்பதற்குச் சமம். பஸ் ஏற்றும்போதே அம்மா சொல்லி அனுப்பினாள்: “நாம பொண்ணக் குடுத்தவங்க. அங்க போயி வாயத் தொறக்காத.” நான் ரிப்பேர் வேலை படித்த பயிற்சி நிலையத்தில் முதல் பாடம், யார் என்ன சொன்னாலும் மீட்டர் வைத்துப் பார் என்பது. சம்பந்தி வீட்டு வார்த்தைக்கு மீட்டர் வைக்க முடியாது.

குழாய் வாயிலிருந்த வடிகட்டியைக் கழற்றினேன். பாசியும் ஒரு செத்த தலைப்பிரட்டையும். காரணம் கிடைத்துவிட்டது என்று வீடு முழுக்க அறிவித்தேன்.

பெப்ரவரி 8, சனி

ஈ 1. அக்கா போனில் சொன்னாள். பின்னால் பீலித் தண்ணீர் விழும் சத்தம். நான்கு.

பெப்ரவரி 9, ஞாயிறு

தலைப்பிரட்டை நிரபராதி.

தண்ணீர் எடுக்கும் இன்லெட் வால்வை மாற்றினேன். ஓட்டிப் பார்க்கப் போனால் கரண்ட் இல்லை. லயத்தில் இல்லை, மஸ்கெலியாவில் இல்லை, நாட்டிலேயே இல்லை. ஒரு குரங்கு மின் நிலையத்துக்குள் புகுந்து செய்த வேலை என்கிறார்கள். நாட்டுக்காவது எந்தக் குரங்கு என்று தெரிந்துவிட்டது.

கரண்ட் வந்த பிறகு ஓட்டினேன். அழகாக ஓடியது. இதுதான் எரிச்சலே. பழுதான மெஷினை நான் இன்னும் ஒரு தடவைகூடக் கண்ணால் காணவில்லை.

அத்தை மெஷினுக்குச் சந்தனம் வைத்து, தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டியிருக்கிறார். “சனிக்கெழம இரும்புச் சாமான் ஓட்டக் கூடாது தம்பி. அதான் அது நிக்கிது.” என்ன படித்து என்ன. ஆனால் நான்கு பழுது, நான்கும் சனிக்கிழமை. அத்தையின் கணக்கில் தப்பில்லை. என்னிடம் கணக்கே இல்லை.

அக்காவின் புருஷன் திலக்ஷன் மச்சானிடம், சனிக்கிழமை விடிய எழும்பிக் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். நல்ல மனிதர். ஆட்டோ ஓட்டுகிறார். ரோட்டில் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை மட்டும் சொந்தமாக முடிவு செய்வார்.

“அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பாக்குறேனே” என்றார்.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஹட்டனில் நான் வேலை செய்யும் ரிப்பேர் கடை மஃறூப் நானாவுடையது. கதையை முழுக்கக் கேட்டார். தேத்தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

“தம்பி, அந்த மெஷினு வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டு வந்து மறுநாள் ரெஸ்ட் எடுக்குது போல.”

“பகிடி வுடாதீங்க நானா. போர்டுலதான் கோளாறு. குளிர் நேரத்துல ஒரு ஜொயின்ட் வுட்டுப் போவுது.”

“சனிக்கிழம மட்டுந்தான் குளிருதா அங்க?”

பழைய மெஷினொன்றிலிருந்து கழற்றிய போர்டைத் தந்தார். தரும்போதும் சிரித்தார்.

பெப்ரவரி 15, சனி

ஐந்து. அக்கா குரலில் கோபம்கூட இல்லை. “கை வெறச்சுப் போச்சுடா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

போர்டு மாற்றினேன். ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை எதுதான் ஓடாது. புதிய வித்தியாசம் ஒன்றுதான்: முடிந்ததும் பாட்டை மூன்று தடவை பாடுகிறது.

நான் ஸ்க்ரூ பூட்டிக்கொண்டிருந்தபோது மாமா கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

“நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம் தம்பி. லயத்துல கேக்குறாங்க. என்னா தலைவரே, சீருக்கு வந்த மெஷினு படுத்திருச்சாமேன்னு. நான் என்னா பதில் சொல்றது?”

“பதில் நான் சொல்றேன் மாமா. மெஷின்ல கொற இல்ல.”

“அப்ப எதுல கொற?”

வாயில் ஒரு வார்த்தை வந்தது. அம்மாவை நினைத்து ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டேன். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னையும் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. கிளாஸையே பார்த்தாள். அவள் விரல் நுனிகள் வெளுத்து, சவுக்காரத்தில் தோல் உரிந்திருந்தது.

ஏதோ தெரிந்தவள் மாதிரி நின்றாள். என்ன தெரியும் இவளுக்கு?

பெப்ரவரி 18, செவ்வாய்

வடிகட்டி சரி. இன்லெட் வால்வு புதிது. போர்டும் வேறு. மாறாமல் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை அங்கே நிற்க வேண்டும். இவ்வளவு நாளும் ஞாயிறு மட்டும் போய்விட்டு மேதாவி மாதிரி பேசியிருக்கிறேன்.

நானாவிடம் லீவு கேட்டேன். “போ. போய் மெஷினுக்கு என் சலாம் சொல்லு” என்றார்.

பெப்ரவரி 22, சனி

எங்கள் வீடு இருக்கும் றொசல்லவிலிருந்து நானாவின் மகன் சிப்னாஸின் மோட்டார்சைக்கிளில் போனேன். ஆறு மணிக்கெல்லாம் அக்கா வீடு.

ஈ 1.

கடைசியில் பழுதைக் கண்ணால் கண்டேன். குழாயைக் கழற்றினேன். ஒரு சொட்டு இல்லை. அழுத்தம் குறைவு, நெருக்கடி நேரம் என்றெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தது வீண். அழுத்தம் குறைந்தால் நூலாகவாவது வரும். சொட்டே இல்லையென்றால் யாரோ மூடியிருக்கிறார்கள்.

“நான் தொட்டிக்குப் போறேன். யாரு என்னா நெனச்சாலும் சரி” என்றேன்.

அக்கா வகுப்புக்குப் போகும் சாரியில் இருந்தாள். அதையே நான் அப்போதுதான் கவனித்தேன். “போ. பின்னால வாறேன்” என்றாள்.

தொட்டியடியில் வாளிகளோடு ஒரு கூட்டம். மழை இல்லாத மாசம்; சனிக்கிழமை எல்லாரும் வீட்டில். வேலிக்குள்ளே மாமா, பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிறவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நான் பொருத்திய வால்வு. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது, எல்லாருக்கும் தெரியும்படி.

அக்காவுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் ஜீவராணி அக்காதான் சொன்னார்.

“தலைவரு மாதிரி ஆளு கெடைக்காது தம்பி. சனிக்கெழமன்னா முதல்ல அவரு வீட்டு மெஷினுக் கொழாயத்தான் பூட்டுவாரு. வெள்ளிக்கெழமப் பொழுதோட பூட்டி, சனிக்கெழமப் பொழுதோடதான் தொறப்பாரு. தலைவர் வீட்டுக்கு ஒரு சட்டம், லயத்துக்கு ஒரு சட்டம்னு ஒருத்தரு பேசக் கூடாதாம். ஒங்களுக்குத் தெரியாதா? லயத்துக்கே தெரியுமே.”

லயத்துக்கே தெரியும். சீர் கொடுத்த எங்களுக்குத் தெரியாது. ஞாயிறுகளில் ‘தொறந்துதான் இருக்கு’ என்றார் — உண்மைதான், ஞாயிறுகளில் திறந்துதான் இருந்தது. நேர்மையான மனிதர். மெஷின் ஒரு தடவைக்கு எடுப்பது நாலு வாளி. மாமா சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எடுப்பது ஆறு வாளி. ஆறும் பக்கத்தில் நிறைந்து இருந்தன, தலையில் எண்ணெயோடுதான் நின்றார்.

மாமா என்னைக் கண்டார். முகம் ஒரு கணம் போய்த் திரும்பி வந்தது. “வாங்க தம்பி. சொல்லாமக் கொள்ளாம.”

கையில் ஸ்பானர். வாய் வரை எல்லாம் வந்துவிட்டது. கத்தியிருப்பேன். அதற்குள் கூட்டம் விலகியது. அக்கா உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து, வேலிக் கதவுக்கு நேரே, மாமாவின் காலுக்கு முன்னால் இறக்கி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“தண்ணிய எல்லாருக்கும் சமமாப் பிரிச்சீங்க மாமா. நல்லதுதான். வேலையையும் பிரிச்சிருவோம். இன்னைக்கு நான் போகலன்னா எனக்குப் பரீச்ச இல்ல. வெள்ள உடுப்பு அடியில இருக்கு, தனியாத் துவைக்கணும்.”

திரும்பி இறங்கிவிட்டாள்.

மாமா கூடையைப் பார்த்தார். கூடைக்கு மேலே அவருடைய வேட்டி. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஜீவராணி அக்கா ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “தலைவரே, சவுக்காரம் இருக்கா, நான் தரட்டுமா?”

யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்தாள். பிறகு வாளி வாளியாகச் சிரிப்பு. அத்தையும் ஏறி வந்திருந்தார். கூடையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தூக்குங்க, வெயிலு வந்துரும்” என்றார்.

தூக்கினார். பீலி வரைக்கும் லயமே கூடப் போனது.

கீழே ஆட்டோ சத்தம். திலக்ஷன் மச்சான் அக்காவை ஏற்றிக்கொண்டு போகிறார். யாரிடமும் கேட்காமல். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டாளாம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

போனில் அக்கா. இரண்டு வாரத்துக்கு முன்பே, நான்காவது சனிக்கிழமை பீலியில் துவைக்கும்போதே, ஜீவராணி அக்கா சொல்லித் தெரியுமாம்.

“நான் போர்டு மாத்துறப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல? ஒரு போர்டு, ஒரு வால்வு, ரெண்டு ஞாயித்துக்கெழம —”

“சொன்னா நீ கத்துவ. கத்திட்டு பஸ் ஏறிருவ. நான் எங்கடா ஏறுறது?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“வீட்டுல கூடைய வச்சா அவரு தாண்டிப் போயிருவாரு. அங்கதான் வைக்கணும்னு நெனச்சேன். தனியா வைக்கத்தான் பயமா இருந்திச்சி. நேத்து நீ வாயத் தொறக்காம நின்ன பாரு, அது போதும்.”

ஸ்பானரோடு மரம் மாதிரி நின்றதுதான் இந்தக் கேஸில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை. வாயைத் திறக்காமல் இருந்தது பண்பால் இல்லை, அவள் முந்திக்கொண்டாள். அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

ஓடியது. அக்கா வகுப்பில்.

மார்ச் 9, ஞாயிறு, காலை 10.30

நேற்று மஸ்கெலியா போய் வந்தேன். கமிட்டி கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. சனிக்கிழமை வால்வு திறந்திருக்கும். ஐந்து மணிக்கு அக்காவின் உடுப்பு. ஏழு மணியிலிருந்து லயத்து வயசாளிகளின் கம்பளிகள், வீட்டுக்கு ஒன்று, முறை வைத்து. “தலைவர் வீட்டு மெஷின் இல்ல, இப்ப இது கமிட்டி மெஷின்” என்கிறார் மாமா. இந்த யோசனை தொடக்கத்திலிருந்தே தன் மனசில் இருந்ததாம். கூடையைத் தூக்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம்.

மெஷினை ஓட்டுவதும் அவர்தான். வேறு யாரையும் பட்டனைத் தொட விடுவதில்லை. கம்பளியோடு வந்த கிழவர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: “ஈ ஒண்ணு வந்தா பயப்படக் கூடாது. தண்ணி வரலன்னு அர்த்தம். வால்வப் போயிப் பாக்கணும்.” நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையாட்டினேன்.

ஆனால் மெஷின் பிழியும்போது அடியில் உறுமுகிறது. நனைந்த கம்பளி மூன்றை ஒன்றாகத் திணித்தால் எந்த பேரிங் தாங்கும்? ஒருவழியாக எனக்கு உண்மையான பழுது ஒன்று வரப்போகிறது.

வகுப்பு முடிந்து வந்த அக்கா அடுத்த அறையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மெஷின் மூன்றாம் தடவை பாடும்போது மட்டும் நிறுத்தினாள்.

செய்ய வேண்டியவை:

1. ஒரு தடவைக்கு ஒரு கம்பளிதான் என்று மாமாவிடம் சொல்வது. அம்மா சொல்லித்தந்த குரலில்.

2. பழைய போர்டைத் திரும்பப் பூட்டி, நானாவின் போர்டைக் கொடுத்துவிடுவது. அவர் சிரித்து முடிக்கும்வரை நிற்பது.

3. பேரிங் ஒன்று தேடி வைப்பது.

4. ஏப்ரல் 26, சனி: அக்காவுக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமையே போய்விடுவது. விடிய ஐந்து மணிக்கு உடுப்பைப் போடுவதும் நான், காயப்போடுவதும் நான்.