சேகர் பூட்டிய கணினி

மார்ச் 4, செவ்வாய்

இப்போது இருப்பது மாசாய் டவுனில். காலையிலிருந்தே புழுக்கம். அக்காவின் ஃபிளாட், மின்விசிறிக்கு அடியில் நானும் லேப்டாப்பும்.

கணவர் சேகரை விட்டு வந்தது போன மாதம். லேப்டாப் என் சம்பளத்தில் வாங்கியது. நான் கிளம்பும் முன்பே பாஸ்வர்டை மாற்றி வைத்திருக்கிறார். இன்று போன் செய்து கேட்டேன்.

"வீட்டுக்கு வா. திறந்து தரேன்."

வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை புது வேலை. பக்கத்து நகரம் ஜேபியில் ஒரு லாரி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுவது. சொந்தக் கணினி வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

முடிவு: பழையதை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றுவது. அதற்கு யார் பாஸ்வர்டும் வேண்டாம்.

இன்னொரு முடிவு: இனி இந்த நோட்டில் 'அவர்' இல்லை. அவன்.

மார்ச் 5, புதன்

கீழ் வீட்டு ஃபரிதாவின் கணினியில் பென்டிரைவ் தயார் செய்தேன். செருகினேன். லோகோ வந்தது. சுற்றிய வட்டம் நின்றது. பிறகு கறுப்பு. துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், அதே கறுப்பு.

மறுபடி பதிவிறக்கம். வேறு பென்டிரைவ். அதே இடத்தில் நின்றது.

அக்கா: "அலமாக்! எதுக்குடி இவ்ளோ பாடு? அவருகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டா முடிஞ்சுது லா."

"எதுக்கு மன்னிப்பு?"

குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

மழை. லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றி, கணினி ரிப்பேர் கடைக்கு.

"மதர்போர்டு போச்சுக்கா. புதுசு வாங்கிடுங்க."

"போர்டு போயிருந்தா, பாஸ்வர்ட் கேக்குற திரை மட்டும் எப்படி வருது?"

கடைப் பையன் முழித்தான். லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தலை நனைந்தது, பை நனையவில்லை.

மார்ச் 8, சனி

இணையத்தில் படித்தது: லோகோ வரும்போது Esc அழுத்தினால், உள்ளே நடப்பது வரிவரியாகத் தெரியும். அழுத்தினேன். ஓடிய வரிகள் கிராபிக்ஸ் கார்டிடம் வந்து நின்றன. ஆக, சாகவில்லை. படம் காட்டத் தெரியாமல் திணறுகிறது.

வழி: தொடக்கப் பட்டியலில் e எழுத்தை அழுத்த வேண்டும். linux என்று தொடங்கும் வரியின் கடைசியில் nomodeset என்று ஒரு சொல். கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்குத் தொடாதே என்று அர்த்தம்.

முதல் தடவை எழுத்துப் பிழை. கறுப்பு. சனியன்.

மறுபடி.

வந்துவிட்டது! திரை முழுக்க வெளிச்சம். கத்திவிட்டேன். அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் பழைய கோப்புகள் பாஸ்வர்ட் இல்லாமலே திறந்தன; அழிக்கும் முன் பார்த்தேன். கல்யாணப் படங்கள். எல்லாவற்றிலும் சிரிக்கிறேன். அம்மாவின் படங்களையும் என் சான்றிதழ்களையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் அழிந்துவிடும், தொடரவா என்று கேட்டது.

"நல்லா யோசிச்சுக்கோடி," என்றாள் அக்கா, தோளுக்குப் பின்னாலிருந்து.

"யோசிச்சிட்டுத்தான் அங்கேருந்து வந்தேன்."

அழுத்தினேன். நான் அழவில்லை. அக்காதான் மூக்கை உறிஞ்சினாள்.

மார்ச் 10, திங்கள்

வெயில். முதல் நாள் வேலை. லாரிகளின் டீசல் பில்கள், ஒரு மூட்டை. கணினி ஒழுங்காக ஓடுகிறது.

மதியம் அவன் போன். குரலில் தேன்.

"சரி, உன் பிடிவாதமே ஜெயிக்கட்டும். பாஸ்வர்ட் சொல்றேன், எழுதிக்கோ."

"வேணாம்."

"அப்புறம் எப்படி வேல செய்வே?"

"செஞ்சுகிட்டுத்தான் இருக்கேன். அந்த பாஸ்வர்ட் வச்சு திறக்க இப்ப ஒண்ணுமே இல்ல."

"நம்ம போட்டோவெல்லாம்?"

டீசல் பில் பாதி பாக்கி. வைத்துவிட்டேன்.