மேல்கணக்கு ஏறாத டீம்

என் அருமை அண்ணே,

நல்ல சேதி ஒன்று கிடைத்ததும் உனக்கு எழுதலாம் என்று இத்தனை மாதம் பொறுத்திருந்தேன். அது வருகிற மாதிரித் தெரியவில்லை. காலேஜ் என்று பெயர் வைத்திருக்கும் நம் பள்ளிக்கூடத்தில் நீ சாராக இருந்து பாடுபட்டு வளர்த்த உதைபந்தாட்ட டீம் இந்த வருஷம் வலய மட்டத்தில் முதல் மேட்ச்சிலேயே தோற்று வீடு வந்து சேர்ந்துவிட்டது. பீலி ஊற்றிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கி வருவது போல வருஷாவருஷம் மாகாணக் கிண்ணத்தைத் தூக்கி வந்த டீம் அண்ணே! தோற்கடித்தது யார் தெரியுமா? போன வருஷம்தான் முதன்முதலாகப் பந்து வாங்கிய ஒரு பள்ளிக்கூடம்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு டீம் இப்படி நொடித்துப்போகுமா? பதுளை டவுனில் கேட்காத ஆள் இல்லை. பதில் சொல்லத்தான் பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என் போட்டோகொப்பி கடையில்தான் சங்கத்தார் நோட்டீஸ் அடிக்கிறார்கள். அதனால் அவர்களுடைய ஞானம் முழுவதும் என் காதில் விழுந்து தொலைகிறது. முதலில் பூட்ஸ் சரியில்லை என்றார்கள். புது பூட்ஸ் வந்தது, தோற்றார்கள். அப்புறம் கொழும்பிலிருந்து ஒரு கோச்சைக் கூட்டி வந்தார்கள். அவர் வெள்ளைப் பலகையில் அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டார், பையன்கள் தலையாட்டினார்கள், மறுபடியும் தோற்றார்கள். பிறகு கண்ணூறு என்று முடிவு கட்டி கோல் கம்பத்தடியில் பூசணிக்காய் உடைத்தார்கள். சங்கத்தில் இருக்கிற வேதக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு ஜெபக் கூட்டம் வைத்தார்கள். இரண்டு தரப்புச் சாமியும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் பழி செல்போன் தலையில் விழுந்தது. ஜெயித்த பையன்கள் செல்போனைக் கண்ணாலேயே கண்டதில்லை போலும்!

காரணம் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று பயம்.

உன் டீமில் பாதிப் பேர் டவுன் பையன்கள், பாதிப் பேர் லுணுகலை ரோட்டில் நாம் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பையன்கள். பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துப் பையன்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், டவுனில் நின்று விளையாட வழியில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ டவுன் பையன்களை பஸ்ஸில் ஏற்றி, தோட்டத்தின் மேல்கணக்கில், அந்த மலை உச்சிப் பிரிவில் இருக்கிற கிரவுண்டுக்குக் கூட்டிப் போனாய். எங்கள் பிள்ளைகளைத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு அனுப்புவதா என்று டவுன் பெற்றோர் சிலர் சண்டைக்கு வந்தபோது நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அவனுக வாரத்துல அஞ்சு நாளு எறங்கி வாறானுக. ஒங்க புள்ள ஒரு நாளு ஏறட்டும்."

ஏறினார்கள். கல்லும் சரிவுமான அந்த கிரவுண்டில் முட்டி பேர்த்துக்கொண்டார்கள். பந்து தேயிலைக்குள் உருண்டால் சேர்ந்து இறங்கித் தேடினார்கள், அட்டைக்கடி வாங்கினார்கள். பகலுக்கு ஆளுக்கொரு லயத்து வீட்டில் சாப்பிட்டார்கள். அப்படிப் பழகியவர்களுக்கு மேட்ச்சில் ஒருவன் எங்கே நிற்பான் என்று மற்றவன் திரும்பிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. எந்தக் கோச்சு வந்து எந்தப் பலகையில் இதை எழுதிக் காட்டப் போகிறார்?

உன் காரியம் முடிந்த கையோடு சங்கத்தார் கூடினார்கள். காலேஜ் டீம் காலேஜ் கிரவுண்டில் பழகுவதுதான் கௌரவமாம். பிராக்டிஸ் டவுனுக்கு வந்தது, அதுவும் சங்கத்துப் பெரியவர்கள் கடையடைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்க்கத் தோதாக, சாயங்காலத்தில். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாயில்லை. தோட்டத்துப் பையன்கள் ஒவ்வொருவராக டீமை விட்டு நின்றுகொண்டார்கள். "ஆர்வம் கொறஞ்சு போச்சு" என்று இவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

இடது பக்கம் காற்றாகப் பறப்பானே சுரேஷ், அவன் இப்போது பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறான். அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தான். "ஏன்டா டீம விட்ட?" என்று கேட்டேன்.

"பஸ்ஸ விட்டுட்டு ரெண்டு மூணு நாளு லொறில தொத்திக்கிட்டுப் போனேங்கக்கா. அம்மா அழுதுருச்சு. சங்கத்துல போயி சொன்னேன். டவுன்ல சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்கன்னாங்க. எங்களுக்கு டவுன்ல யாருக்கா இருக்கா?"

காசு வாங்காமல் கொப்பியை அவன் கையில் கொடுத்தனுப்பினேன் அண்ணே.

இப்போது சங்கத் தலைவர் கதைக்கு வருகிறேன். ஹார்ட்வேர் கடை முதலாளிதான், உனக்குத் தெரியாதவரா? தோட்டம் என்ற சொல்லை இப்போதெல்லாம் சாணியை மிதித்தவர் மாதிரிதான் சொல்கிறார். போன வாரம் வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசமுமாகக் கடைக்குள் நுழைந்தார். மரியாதைக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

"தங்கச்சி, காலேஜ் கிரவுண்டுல அண்ணன் பேருல ஒரு மேடை கட்டிட்டோம். பேரு வெட்டுன கல்லும் வந்துருச்சு. நீங்கதான் வந்து தெறந்து வைக்கணும்."

உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல ஒரு நிமிஷம் வாய் வரை வந்துவிட்டது. உன் பெயரைக் கல்லில் பார்க்க எனக்கு ஆசையில்லாமலா இருக்கும்?

"நல்லது முதலாளி. ஞாயித்துக்கெழம பிராக்டிஸ மறுபடி மேல்கணக்குக்கு மாத்துங்க. மறுநாளே வந்து தெறந்து வைக்கிறேன்."

"அங்கயா? நல்ல வீட்டுப் புள்ளைகள லயத்துக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"நீங்க பொறந்து வளந்த லயம்தானே முதலாளி? எங்க வீட்லருந்து நாலாவது வாசல்."

மனிதர், கடையில் வேறு யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தார். டீயை அப்படியே வைத்துவிட்டு, விழா இந்த மாதக் கடைசி ஞாயிறு என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். இவரைப் பார்த்துக் கோபப்படக்கூட முடியவில்லை. கோபத்துக்கும் ஒரு தகுதி வேண்டாமா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உன் மருமகன், என் மகன் பிரதீப் டியூஷன் முடிந்து வந்தான். இந்தத் தோற்ற டீமில் அவனும் ஒருவன் என்பது உனக்குப் பெருமையாக இருக்காது. முட்டியெல்லாம் செம்மண்.

"எந்த டியூஷன்லடா சேறு பூசி அனுப்புறாங்க?"

முட்டியைத் துடைத்துக்கொண்டே உளறிவிட்டான். அவனும் டீமில் இன்னும் மூன்று பேரும் சில வாரமாக டியூஷன் என்று சொல்லிவிட்டு மேல்கணக்குக்கு பஸ் ஏறுகிறார்களாம்.

"சுரேஷ் அண்ணன்லாம் லீவுக்கு வந்து அங்கதாம்மா ஆடுறாங்க. மொத நாளு எங்கள சேத்துக்கவே இல்ல. டவுன் பயலுகன்னு ஓரமா நிக்க வெச்சுட்டாங்க."

"நீ யாருன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. சாரோட மருமகன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'சார் பேரச் சொல்லாத, பந்தத் தட்டு'ன்னாங்க."

சிரித்தேன் அண்ணே. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இன்று காலை முதலாளிக்கு போன் எடுத்து, விழாவுக்கு வரமாட்டேன், என் அண்ணன் பெயரைக் கல்லிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் எடுக்கவில்லையென்றால் நானே உளியோடு போவேன். உன் பெயரைச் சொல்லிப் பிழைக்க அந்த ஆளையும் விடமாட்டேன், நான் பெற்ற பிள்ளையையும் விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி செல்வி