மாடி வீட்டை அளக்க வந்தவள்

அன்பு மகன் கவ்ரிலாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், ஆடுகளும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது. பாரிஸில் நீயும் மருமகள் லுக்ரேத்சியாவும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள், யார் சிரித்தாலும் கட்டிக்கொள்.

மூன்றாவது மாடிக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. எந்த ஊர் முன்னேறியது, எது பின்தங்கியது என்று அளக்க நகரத்திலிருந்து ரலூக்கா என்று ஒரு பெண் வந்தாள். பின்தங்கிய ஊர் என்று தேறினால்தான் நமக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி. போன குளிரில் எதிர்வீட்டுப் பராஸ்காவின் பேத்தியை ஜன்னியோடு நகரம் வரைக்கும் டிராக்டரில் தூக்கிப் போனதை மறந்திருக்க மாட்டாய். ஆனால் நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, விருந்தாளி வந்தால் கிழிசலைக் காட்டுவார்களா? ஒவ்வொரு வீட்டிலும் அவளைப் பளிங்குப் படியேற்றி, பிள்ளைகள் கட்டிய மாடிகளைச் சுற்றிக் காட்டி, பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். உன் அப்பா சும்மா இருப்பாரா, ஆறு படுக்கையறையையும் திறந்து காட்டி, "எல்லாம் எம்பையன் கட்டினது, பக்கத்து வீட்டுக்காரன் ஒத்த மாடியோட நின்னுட்டான்" என்று மீசையை முறுக்குகிறார். அவளோ, "இந்த ஊருக்கா ஆஸ்பத்திரி கேக்கறீங்க, எங்க நகரத்துலயே இப்படி வீடு இல்லையே" என்று சிரித்தபடி எழுதிக்கொண்டாள். ஆஸ்பத்திரி கை நழுவிப்போகிறதே என்று நான் குறுக்கே புகுந்தேன். "கொஞ்சம் கை கழுவிக்க தாயி" என்று குளியலறைக்குக் கூட்டிப் போனேன். குழாயைத் திறந்தாள், அது இருமியது, அவ்வளவுதான். அப்படியே கையைப் பிடித்துத் தோட்டத்துச் சமையல் கொட்டகைக்கு இழுத்துப் போய் விறகடுப்பையும் எங்கள் கட்டிலையும் காட்டி, "நாங்க குடியிருக்கிறது இங்கதான், அந்த மாளிகைல எலிகூட தங்காது, அத்தனை குளிரு" என்றேன். அப்பா, "மானத்த வாங்கிட்டியேடி" என்று என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ரலூக்கா மறுநாளும் வந்து எல்லா வீட்டின் பின்புறத்தையும் பார்த்தாள். எல்லா இடத்திலும் அதே கொட்டகை, அதே கிழவன் கிழவி. பராஸ்கா முதலில் என்னைத் திட்டித் தீர்த்தாள், பிறகு அவளே தன் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள். சராசரி பார்த்தால் உங்கள் ஊர் செழிப்பு என்று அந்தப் பெண் சொன்னபோது நான் கேட்டேன், "ஒருத்தன் ரெண்டு கோழி திங்கிறான், நான் பட்டினி, ஆளுக்கு ஒரு கோழின்னு எழுதினா எனக்கு ஏப்பம் வந்துடுமா?" அவள் வாய்விட்டுச் சிரித்து, எழுதியதை அடித்து மாற்றி எழுதினாள்.

கேள் மகனே, நம் ஊர் தேறிவிட்டது! இலையுதிர் காலத்துக்குள் ஆஸ்பத்திரி திறக்கிறார்கள். டாக்டர் கிடைத்துவிட்டார், நர்ஸ்தான் கிடைக்கவில்லை, எல்லா நர்ஸும் உங்கள் பக்கம் வந்துவிட்டார்களாம். லுக்ரேத்சியா அங்கே வாங்கும் சம்பளத்துக்கும் இங்கே கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஊர்த்தலைவரிடம், "என் மருமக நர்ஸு, வேற யாரையும் போட்டுடாதீங்க" என்று சொல்லிவைத்துவிட்டேன். மாடிப் பணத்தில் கிணற்றுக்கு ஒரு மோட்டார் போடு. அப்பா கோபத்தை மறந்து நேற்றிலிருந்து உங்கள் அறைக்குக் குளிர்காய அடுப்பு கட்டிக்கொண்டிருக்கிறார்.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். யோசித்து, இரண்டு பேரும் பேசிப் பதில் எழுதுங்கள். வருவதில்லை என்று முடிவானால் அந்தக் கடிதத்தை அப்பா பேருக்கு எழுது, எனக்கு எழுதாதே.

உன் அம்மா,
நஸ்தாசியா