முதலில் எழுதுங்கள், அப்புறம் கையெழுத்து

ஒரகடம் அருகில்,
17.8.2004

அன்புள்ள மாமாவுக்கு,

சுந்தராம்பாள் எழுதுவது. நானும் பாப்பாவும் நல்லபடி இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா? லாரியை எடுப்பதற்கு முன்னால் வயிறார சாப்பிடுங்கள். ஐஸ்வர்யா மூன்றாம் வகுப்பு லீடர் ஆகிவிட்டாள். வீட்டிலும் அதே அதிகாரம்தான், தாங்க முடியவில்லை.

முந்தாநாள் நம்ம ஊரில் நடந்த கூத்தைக் கேளுங்கள். நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது.

ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மூடி மதில் கட்ட வேண்டும் என்று ஏரிப் பக்கம் இடம் வாங்கிய கம்பெனி கேட்கிறதே, அதற்குக் கிராம சபைத் தீர்மானம் வேண்டுமாம். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் பஞ்சாயத்துத் தலைவர் நடேசன் நம்ம வீட்டுக்கே வந்தார். நீங்கள் ஊர் திரும்பியதும் கம்பெனியில் டிரைவர் வேலை என்று ஆர்டரையே கையில் கொடுத்தார். உங்கள் பெயர், சம்பளம் எல்லாம் டைப் அடித்திருந்தது. வார்டு மெம்பர் நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாம். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். நீங்கள் வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

நம்ம ஊர் வழக்கம் தெரியுமில்லையா? சபைக்கு வந்ததும் வெறும் தாளில் கையெழுத்து. தீர்மானத்தை அப்புறம் ஆபீசில் எழுதிக்கொள்வார்கள். மெம்பராகி மூணு வருஷமாக நானும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். இன்னா மடச்சி பாருங்க! இந்தத் தடவை கையெழுத்துக்கு ஒரு எவர்சில்வர் டப்பா வேறு. கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதற்குள் டப்பாவுக்கு கியூ நின்றுவிட்டது.

மேட்டுத்தெரு பாப்பம்மா அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டு, இதுல இன்னாம்மா எழுதப் போறாங்க, நீ மெம்பர்தானே என்று என்னைக் கேட்டது. எனக்குத் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து, முதலில் எழுதிப் படிங்க, அப்புறம் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். பின்னால் பெண்கள் எல்லாம் படி படி என்று பிடித்துக்கொண்டார்கள்.

நடேசன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆபீசர் முகத்தைப் பார்க்கிறார். ஓட்டுப் போட்ட நாங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறோம், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படித்தார். கால்வாய் வறண்டு பத்து வருஷம் ஆகிறது, ஊருக்கு உபயோகமில்லை என்று. அந்த நேரம் பார்த்து அப்பாவு பெரியப்பா அதே கால்வாயில் மாடு கழுவிவிட்டு, முழங்கால் வரை சேறும் தண்ணீருமாக வந்து நின்றார் பாருங்கள்! சபையே கொல்லென்று சிரித்தது. பாவம், ஆபீசரும் சிரித்துவிட்டார்.

கால்வாயை மூடக்கூடாது, தூர் வார வேண்டும் என்று அங்கேயே, அதே தாளில் எழுத வைத்தோம். கையெழுத்தும் கைநாட்டுமாக நூற்றுப் பன்னிரண்டு பேர். டப்பாவை எல்லாரும் திருப்பிக் கொடுத்தார்கள். பாப்பம்மா அக்கா மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டது, அதுவும் ரெண்டு டப்பா!

இது நிற்குமா, தெரியாது. மேலிடத்தில் போய் வேறு உத்தரவு வாங்கி வருவார்கள் என்கிறார்கள். வரட்டும். எங்கள் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்!

நேற்று நடேசன் வந்து உங்கள் ஆர்டரைத் திரும்பக் கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது தப்புதான். கோபம் வந்தால் போனில் வேண்டாம் மாமா. டிக்கெட் போட்ட தேதிக்கே கிளம்பி வாருங்கள், வந்து எதிரில் நின்று திட்டுங்கள். உங்கள் திட்டைப் பக்கத்தில் இருந்து கேட்டு நாலு வருஷம் ஆச்சு.

வழி பார்த்திருக்கும்,
சுந்தரா